ஆறு டிஸ்க்குக்கும் பொட்டு வைத்த நாள்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

ஓய்வு பெற்றவர்கள் எழுதும் பணி அனுபவங்களை நானும் வாசிக்கிறேன். அவற்றில் எழுதுபவர் எப்போதும் நிதானமாக நிற்பார். சுற்றிலும் எல்லோரும் பதற, அவர் மட்டும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சரியான முடிவை எடுப்பார். அப்படிப்பட்டவர்களோடு வேலை செய்யும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. நான் அப்படிப்பட்டவனும் இல்லை. சேர்வர் அறையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் எனக்கு முதலில் வியர்க்கும். பிறகு குரல் ஒரு கட்டை மேலே போகும். அதற்குப் பிறகு கைக்கு எட்டுகிற எதையாவது சாப்பிடத் தொடங்குவேன். இவ்வளவும் தெரிந்தும் என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள் என்றால், மட்டக்களப்பில் அந்த நாட்களில் இந்த வேலை தெரிந்தவர்கள் என்று தேடினால் நானும் இன்னும் இரண்டொருவரும்தான் கிடைப்போம் என்பதே காரணம்.

பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு தொகுதி ஆக்குவது எப்படி, அதற்கு என்ன கட்டளை, எந்த மென்பொருள் நல்லது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் தொகுதி காணாமல் போகும்போது ஒரு மனிதனுக்கு என்ன நடக்கிறது என்பது. அதைப் பற்றி ஒரேயொரு நாளைச் சொல்கிறேன்.

சுனாமியில் கடல் வந்து போன பிறகு, வாவிக் கரையோரம் இருந்த ஒரு சிறிய நலன்புரி அமைப்பில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே செய்த வேலைகளில் ஒன்று விசித்திரமானது. நாவலடிப் பக்கத்திலும் கல்லடிப் பக்கத்திலும் இடிபாடுகளை அள்ளியவர்கள், சேற்றுக்குள் இருந்து குடும்பப் படங்களையும் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். கல்யாண அல்பங்கள், பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுப் படங்கள், பள்ளிக்கூடப் படங்கள். நாங்கள் அவற்றை நல்ல தண்ணீரில் அலசி, மண்டபத்தில் கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோல் காயப்போட்டு, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தோம். அவசர வேலை அது. உப்பும் சேறும் படத்தைத் தின்றுகொண்டே இருந்தன. காலையில் முகமாக இருந்தது மாலையில் வெள்ளைத் திட்டாகிவிடும். ஸ்கேன் செய்து முடித்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிப் போயின. ஆக, கணினிக்குள் இருந்ததுதான் இனி அசல்.

அந்தப் படங்களுக்காக வெளிநாட்டுத் தொண்டர்கள் விட்டுப்போன ஒரு பழைய சேர்வர் இருந்தது. அதில் ஆறு டிஸ்க்குகள், முன்பக்கம் இழுப்பறைகள்போல் மேலும் கீழுமாகச் செருகியிருக்கும். ஆறையும் சேர்த்து ஒரு தொகுதி. எந்த ஒரு டிஸ்க் செத்தாலும் மற்ற ஐந்தும் சேர்ந்து அதில் இருந்ததைத் திருப்பிச் சொல்லிவிடும். இரண்டு செத்தால் எல்லாம் போச்சு. இதை அலுவலகத்தில் எல்லோருக்கும் விளங்கப்படுத்த நான் ஒரு நாள் சேர்வரை நிறுத்தி, டிஸ்க்குகளை வெளியே இழுத்துக் காட்டி, ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். "பெட்டியில ஒண்டும் இல்ல. இந்த ஆறும்தான் உயிர்," என்று சொன்னேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. இழுப்பது எப்படி என்று காட்டினேன், நிறுத்துவது எப்படி என்று காட்டினேன். எந்த இழுப்பறையில் இருந்து எடுத்தோமோ அதற்குள்ளேயே திருப்பி வைக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே இருந்து டிஸ்க்குகளை ஆளும் பழைய காட், அதாவது மின்னணு அட்டை, ஒவ்வொரு டிஸ்க்கையும் அது இருக்கும் இடத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது என்பதைச் சொல்வதற்குள் தேநீர் வந்துவிட்டது.

படங்களுக்கு வேறு பிரதி இருந்ததா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். கணக்குகளுக்கும் கடிதங்களுக்கும் இருந்தது. படங்கள் பெரியவை, அதற்கு வெளி டிஸ்க் வாங்கும் விண்ணப்பம் மேசைக்கு மேசை நடந்துகொண்டிருந்தது.

சண்டை முடிந்த வருடம். வாணி விழா. எங்கள் பக்கத்தில் எந்த அலுவலகத்திலும் அன்று தொழிற்கருவிகளைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துப் பூசை செய்வோம். இரவு முழுக்க அவற்றுக்கு ஓய்வு. மறுநாள் விசயதசமி அன்று நல்ல நேரம் பார்த்து ஆளுக்கொரு கருவியைக் கையில் எடுத்து வேலையைத் தொடங்குவோம். முந்திய வருடங்களில் சேர்வர் பெட்டியின் மண்டையில் ஒரு சந்தனப் பொட்டு வைப்பதோடு காரியம் முடிந்துவிடும். அந்த வருடம் நான் உன்னிச்சையில் மாமா வீட்டில் விருந்துக்குப் போயிருந்தேன். நான் இல்லாத இடத்தில் என் சொற்பொழிவு வேலை செய்தது.

விசயதசமிக் காலையில் நான் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது கணக்குப் பகுதியில் வேலை செய்யும் வதனி வாசலிலேயே நின்றாள். கையில் ஒரு தட்டில் கடலை.

"அண்ணன், முதல்ல கடலையச் சாப்பிடுங்க," என்றாள்.

வதனி எனக்கு மரியாதையாகக் கடலை தருகிற ஆள் இல்லை.

"என்ன நடந்த?"

"ஒண்டும் இல்ல. மெசின் என்னவோ கேள்வி கேக்குது."

உள்ளே போய்ப் பார்த்தேன். ஆறு டிஸ்க்குகளின் முகத்திலும் ஆறு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். சேர்வர் பெட்டியில் பொட்டு இல்லை.

"பெட்டிக்கு வச்சு என்ன செய்யிற? வேல செய்யிறது உள்ளுக்கு இரிக்கிற ஆறும்தானே. நீங்கதானே சொன்னீங்க," என்றாள் வதனி. "ஒழுங்கா நிப்பாட்டித்தான் கழட்டின. வாழையிலையில வச்சு, ஒவ்வொண்டையும் துடைச்சு, பொட்டு வச்சு, சாம்பிராணி காட்டி, இண்டைக்குக் காலமை ஆளுக்கொண்டா எடுத்து மறுகா செருகின."

"எது எங்க இருந்த?"

"எது?"

"இந்த ஆறும். எது மேல, எது கீழ?"

வதனி ஆறையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "ஆறும் ஒரே மாதிரித்தானே அண்ணன்."

திரையில் இருந்த வாசகத்தின் சாரம் இதுதான்: பழைய தொகுதி எதையும் காணவில்லை, இங்கே ஆறு டிஸ்க்குகள் இருக்கின்றன, இவற்றை வைத்துப் புதிதாக ஒன்றை உருவாக்கவா? ஆம், இல்லை.

உருவாக்கினால் ஆறும் துடைத்து வைத்த பலகையாகிவிடும்.

நான் கடலையைச் சாப்பிடத் தொடங்கினேன்.

அப்போதுதான் முன் அறையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். நாற்பதைத் தாண்டிய வயது. மடியில் ஒரு கைப்பை, அதன் மேல் இரண்டு கையும். பெயர் தவமணி. பழுகாமத்தில் தம்பி வீட்டில் இருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார் என்று வதனி என் காதுக்குள் சொன்னாள். மற்றதையும் சொன்னாள்.

கலியாணம் முடித்து நெடுங்காலம் கழித்துப் பிறந்த ஒரே பெண்பிள்ளை. கணவர் போய்ச் சேர்ந்துவிட, எட்டு மாதக் குழந்தையை நாவலடியில் தன் அக்காவிடம் விட்டுவிட்டு அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவர். கடல் வந்தபோது பிள்ளைக்கு நாலு வயது. அக்காவும் பிள்ளையும் வீடும் ஒன்றாகப் போயின. அங்கே எசமானர்கள் ஊருக்கு விடவில்லை, அக்கா அனுப்பிய படம் ஒன்றையும் கைக்குத் தந்ததும் இல்லை. பிறகு இங்கே சண்டை, வராதே என்று தம்பி சொன்னான்; அவனும் கடல் வந்த பிறகுதான் வெளிநாட்டில் இருந்து திரும்பியவன், பிள்ளையைக் கண்டதில்லை. இப்போது எல்லாம் ஓய்ந்து, இரண்டு மாத லீவில் வந்திருக்கிறார். நாவலடிப் பக்கத்துப் பாலர் பாடசாலைப் படம் ஒன்று எங்களிடம் இருக்கிறது, அதில் பிள்ளை நிற்கிறாள் என்று அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மனுசி எப்போதோ போனில் சொல்லியிருக்கிறார். அந்த மனுசி இப்போது எந்த நாட்டில் என்றே தெரியாது.

"ரெண்டு மாசமா என்ன செஞ்சவ?" என்று கேட்டேன். எரிச்சலில் கேட்ட கேள்வி.

"வரப் பயமாம்," என்றாள் வதனி. "நாளைக்கு விடியக் கொழும்புக்குப் பஸ். அடுத்த நாள் பிளேன். இண்டைக்குத்தான் தைரியம் வந்ததாம்."

எட்டு மாதக் குழந்தையின் முகம் மட்டும் தெரிந்த ஒரு தாய். பிள்ளை என்ன சாயலில் வளர்ந்தாள் என்பது அவருக்கு இந்த ஆறு பொட்டுக்குள்தான் இருந்தது.

பயத்தில் நான் என்னவெல்லாம் செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். எல்லோரையும் பார்த்து, "ஒருத்தரும் பயப்பட வேணாம்," என்று சத்தமாகச் சொன்னேன். அதுவரை ஒருவரும் பயந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு எல்லோரும் பயந்தார்கள். மின்விசிறியைக் கூட்டப் போய் அறை விளக்கை அணைத்தேன். சித்தாண்டி முருகனுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டேன். தலையில் ஏற்கனவே போடுவதற்கு ஒன்றும் இல்லை என்பது நேர்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. முருகனுக்கும் சிரிப்பு வந்திருக்கும்.

எங்கள் அமைப்பின் பொறுப்பாளர் உள்ளே வந்தார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர். எல்லோருக்கும் அவர் சேர். பின்னேரம் கொழும்பில் இருந்து உதவி தருகிற ஆட்கள் வருகிறார்கள், அவர்களுக்குக் காட்ட வேண்டிய அறிக்கையும் அதே சேர்வருக்குள்தான் இருந்தது.

"என்ன தம்பி, மெசினே கேக்குதே, செய்யவா எண்டு. ஓம் எண்டு சொல்லுங்களன்."

"சேர், ஓம் எண்டா எல்லாம் அழிஞ்சிரும்."

"அப்ப இல்ல எண்டு சொல்லுங்க."

"இல்ல எண்டா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியா."

"தெரியாட்டி ஏன் தம்பி உங்களுக்குச் சம்பளம்?"

நல்ல கேள்வி.

எனக்கு ஒரு குரு இருந்தார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், ஆகவே போடவில்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். கொழும்பில் ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்வர்களை மேய்த்துக்கொண்டிருந்த பெண். எங்கள் பெட்டியைப் பொருத்திப் பூட்டித் தர ஒருமுறை வந்து போனவர். அவருக்கு அழைத்தேன்.

"பிள்ளை, ஆறு டிஸ்க்கும் இடம் மாறிட்டு. புதுசாக் கட்டவா எண்டு கேக்குது. என்ன குடுக்கிற?"

"அண்ணன், இப்ப உங்கட கை எங்க இருக்கு?"

"கீபோட்டில."

"எடுங்க. ரெண்டு கையையும் தொடைக்குக் கீழ வச்சு அதுக்கு மேல இருங்க."

"அப்ப போன என்னண்டு பிடிக்கிற?"

"ஸ்பீக்கர்ல போட்டுட்டு இருங்க."

போட்டேன். இருந்தேன். ஒரு நடுத்தர வயது ஆண், தன் கைகளின் மேல் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் அலுவலகம் முழுக்க நின்று பார்த்தது. வதனி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"இருக்கிறீங்களா?"

"இரிக்கன்."

"நல்லம். இப்ப கேளுங்க. மெசின் கேள்வி கேட்டா உடன பதில் சொல்லோணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்ல. அது நாளைக்கும் அதே கேள்வியத்தான் கேக்கும். அதுக்குப் பசிக்காது, கோவம் வராது. உங்கட டேட்டா இன்னும் ஆறு டிஸ்க்கிலயும் அப்படியே இருக்கு. இதுவரைக்கும் ஒருத்தரும் ஒண்டையும் அழிக்கேல்ல. இனி அழிக்கப் போற ஆள் எண்டு ஒருத்தர் இருந்தா அது நீங்கதான்."

இந்தத் தொழிலில் எனக்குச் சொல்லப்பட்ட வார்த்தைகளில் இதைவிடப் பெரிய உண்மை இல்லை. தொகுதி விழுவதால் அழிந்த தரவைவிட, விழுந்த தொகுதியைத் தூக்கி நிறுத்தப் போன கைகளால் அழிந்த தரவு அதிகம். நாம் பயத்தில் எதையாவது செய்துவிட வேண்டும் என்று துடிப்பது, தொகுதியைக் காப்பாற்ற அல்ல. நம் பயத்தை அடக்க. அந்த இரண்டும் வேறு வேறு வேலைகள் என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு கையும் மரத்துப்போக வேண்டியிருந்தது.

ஆறு டிஸ்க்குகளை எழுநூற்றுக்கு மேற்பட்ட விதங்களில் அடுக்கலாம். ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பது என்பது பேச்சுக்கே இடமில்லை. செருகிப் பார்க்கும்போது அந்தக் காட் தன் பாட்டில் எதையாவது எழுதிவிட்டால் கதை முடிந்தது. குரு வேறு வழி சொன்னார். முதலில் ஒவ்வொரு டிஸ்க்கின் முதுகிலும் இப்போது எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று எழுதிவைக்க வேண்டும், குழம்பியதை மேலும் குழப்பாமல் இருக்க. பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்து, இன்னொரு கணினியில் ஒவ்வொன்றாகப் பூட்டி, வாசிக்க மட்டும் வேண்டும். ஒரு எழுத்தும் எழுதக்கூடாது.

"வாசிச்சு?"

"மெசின் தன்ர நாட்குறிப்ப எழுதுமே அண்ணன், கரண்ட் போச்சு, வந்துது, இவர் உள்ள வந்தார், வெளிய போனார் எண்டு. அது நீளமான பைல். ஒரு டிஸ்க்கில கொஞ்சம் எழுதி, அடுத்ததில கொஞ்சம் எழுதி, அப்படித்தான் வச்சிருக்கும். ஒரு டிஸ்க்கில வசனம் பாதியில நிண்டா, மிச்சப் பாதி எந்த டிஸ்க்கில தொடங்குது எண்டு பாருங்க. அதுதான் அதுக்குப் பக்கத்து ஆள்."

விளங்குகிறதா? கிழிந்த கடிதத்தை ஒட்டுவது போன்ற வேலை. காலை முழுக்க அதைத்தான் செய்தேன். ஒரு டிஸ்க்கின் துண்டு, தமிழில் சொன்னால், 'மின்சாரம் துண்டிக்கப்' என்பதோடு நிற்கும். 'பட்டது' என்று தொடங்கும் துண்டைத் தேடி மற்ற டிஸ்க்குகளைப் புரட்டுவேன். ஒரு டிஸ்க் செத்தால் அதைத் திருப்பிச் சொல்வதற்கென்று இடத்துக்கு இடம் எழுதிவைத்த கணக்குத் துண்டுகளும் வந்து குழப்பும், அவற்றைத் தாண்டிப் போக வேண்டும். எங்கள் ஊரில் அந்த நாட்களில் கரண்ட் அடிக்கடி போனது எவ்வளவு நல்ல காரியம் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். ஒவ்வொரு தடையும் ஒரு வரி.

மேசையில் ஒரு நிழல் விழுந்தது. தவமணி அக்கா.

"மெசினுக்கு என்ன தம்பி?"

"சின்னப் பிரச்சினதான் அக்கா. இருங்க, எடுத்துத் தாறன்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒம்பது வருசம் அடுத்தவங்கட வீட்டில நிண்டு வேல செஞ்சன் தம்பி. சின்னப் பிரச்சின எண்டு சொல்றவங்கட முகம் எனக்கு நல்லாத் தெரியும்."

அதற்குப் பிறகு பொய் சொல்ல மனம் வரவில்லை. "பெரிய பிரச்சினதான் அக்கா. படம் உள்ளுக்கு இரிக்கு. எடுக்கலாம் எண்டுதான் நினைக்கன். ஏலாமப் போகவும் கூடும்."

அவர் தலையாட்டினார். கோபிக்கவில்லை. "அப்ப சரி. இப்பதான் வேல செய்யிற ஆள்மாதிரிக் கதைக்கிறீங்க," என்று சொல்லிவிட்டுப் போய் இருந்த இடத்திலேயே இருந்தார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. உங்களை நம்பி இருப்பவரிடம் உண்மையைச் சொன்னால் உங்கள் சுமை பாதியாகிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி ஐந்து டிஸ்க்குகளின் வரிசை தெரிந்துவிட்டது. ஆறாவது பேசவில்லை. பூட்டினால் டிக், டிக் என்று பல்லி சொல்வதுபோல் ஒரு சத்தம் மட்டும். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். சந்தனத்தை வைத்த கை கொஞ்சம் தாராளமான கை. ஈரம் வழிந்து அடிப்பக்கம் இறங்கியிருந்தது. ஈரத்தினால் செத்ததா, கை தவறி எங்கோ முட்டியதினால் செத்ததா, வயதினால் செத்ததா, கடவுளுக்குத்தான் தெரியும். பூசையும் அவருக்குத்தான் நடந்தது.

"ஆர் இதுக்குப் பொட்டு வச்ச?" என்று கேட்டேன்.

பின்னால் நின்ற சேர் சுவரில் மாட்டியிருந்த கலண்டரைக் கவனமாக வாசிக்கத் தொடங்கினார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஐந்து போதும். ஐந்தையும் அவரவர் இடத்தில் செருகி, செத்ததன் இழுப்பறையை வெறுமையாக விட்டு, சேர்வரைப் போட்டோம். எனக்குத் திரையைப் பார்க்கத் தைரியம் இல்லை. வதனியைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அண்ணன், இப்ப கேள்வி கேக்கல்ல," என்றாள். "என்னவோ எச்சரிக்கை எண்டு மஞ்சளா எழுதியிரிக்கு."

மஞ்சள் போதும். மஞ்சள் என்றால் தொகுதி உயிரோடு இருக்கிறது, ஆனால் ஒற்றைக் காலில் நிற்கிறது. இன்னொரு டிஸ்க் தடுக்கினால் எல்லாம் விழும். அந்த ஐந்தும் ஆறாவதோடு ஒரே நாளில் வாங்கிய, ஒரே வயதுக் கிழடுகள்.

தம்பிமாரே, தங்கைமாரே, அந்த நாளின் உண்மையான சோதனை இங்கேதான் இருந்தது. காலையில் நடந்ததெல்லாம் வெறும் பயம். பயத்தை யாராவது போனில் தீர்த்து வைக்கலாம். இனி எடுக்க வேண்டியது முடிவு.

சேருக்கு ஒரே சந்தோசம். அலுமாரியில் ஒரு புதிய டிஸ்க் இருந்தது, அவரே எடுத்துக்கொண்டு வந்தார். "போடுங்க தம்பி, ஆறாக்குங்க. வாறாக்கள் வரேக்க பச்சை லைட் எரியட்டும். பொறகு அறிக்கைய எடுத்துத் தாங்க."

புதியதைப் போட்டால், செத்ததில் இருந்ததைத் திரும்ப எழுத, மற்ற ஐந்தும் தங்கள் ஒவ்வொரு மூலையையும் மணிக்கணக்காக வாசிக்க வேண்டும். அந்தக் கிழடுகள் அப்படி ஓடுகிற ஓட்டத்தில்தான் இரண்டாவது ஆள் சாய்வது வழக்கம். ஆகவே கட்டுவதற்கு முன் எடுப்பதை எடுக்க வேண்டும். என்னிடம் இருந்த வெளி டிஸ்க் சிறியது. எல்லாவற்றையும் அதற்குள் எடுக்க இடமில்லை. எதை முதலில் எடுப்பது?

"சேர், அறிக்கை மறுபடி எழுதலாம்," என்றேன்.

"அதை எழுத எனக்கு மூண்டு மாசம்."

"ஓம் சேர். ஆனா எழுதலாம். கணக்குக்கு வேற பிரதி இரிக்கு. படத்துக்கு ஒண்டும் இல்ல. படத்த மறுபடி எடுக்க ஏலா. அதில நிக்கிறாக்கள் இல்ல."

என் குரல் அப்போது ஒரு கட்டை மேலே போகவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சேர் புதிய டிஸ்க்கைக் கையில் வைத்தபடி முன் அறைப் பக்கம் பார்த்தார். தவமணி அக்கா தண்ணீர்ப் போத்தல் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். சேர் டிஸ்க்கை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, "வாறாக்களுக்கு நான் வாயால சொல்லுறன்," என்றார். அதிபராக இருந்தவர், வாயால் சொல்வது அவருக்குக் கைவந்த கலைதான். ஆனாலும் அன்று அவர் விட்டுக்கொடுத்தது சின்ன விசயம் இல்லை.

மற்றதெல்லாம் பிறகு என்று, நாவலடிப் படங்கள் இருந்த பகுதியை முதலில் எடுத்தேன். திரையில் பிரதியின் அளவைக் காட்டும் பட்டை மெல்ல மெல்ல நிரம்பியது. நான் மூச்சு விடவும் யோசித்தேன், மூச்சுக் காற்றில் டிஸ்க் சாய்ந்துவிடுமோ என்று. நிரம்பி முடிந்ததும் பாலர் பாடசாலைப் படத்தைத் தேடி எடுத்தேன். ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

உண்மையைச் சொன்னால், அந்தக் கணத்தில் எனக்குள் ஒரு வீரன் எழுந்து நின்றான். தவமணி அக்கா படத்தைப் பார்ப்பார், அழுவார், என் கையைப் பிடிப்பார். நான் "என்ட கடமையைத்தான் செஞ்சன்," என்று சொல்ல வேண்டும். அதற்கான முகத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன், அடக்கமான முகம்.

"அக்கா, வாங்க."

அவர் வந்து திரைக்கு முன்னால் நின்றார். கலை விழா ஒன்றுக்கு வேடம் போட்டு நிற்கிற பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். எல்லோருக்கும் கன்னத்தில் சிவப்பு, தலையில் காகிதப் பூ, எல்லோருக்கும் ஒரேமாதிரி மை. பின்னால் ஆசிரியை. ஒரு ஓரத்தில் உப்பு அரித்த வெள்ளைத் திட்டு. அங்கே நின்ற பிள்ளைக்குப் பாவாடை இருந்தது, முகம் இருக்கவில்லை.

அக்கா வெகுநேரம் பார்த்தார். கைப்பையில் இருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்தார். எட்டு மாதக் குழந்தை, மொட்டைத் தலை. அதைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு முகத்தோடும் வைத்து வைத்துப் பார்த்தார். இடமிருந்து வலம். பிறகு வலமிருந்து இடம்.

"இவளா இரிக்கும்," என்றார். கொஞ்சம் கழித்து, "இல்ல, இவள். நெத்தி அக்காட நெத்தி." அதற்கும் பிறகு, அந்த வெள்ளைத் திட்டுக்கு முன்னால் விரல் போய் நின்றது. அங்கேயே நின்றது.

முகங்களைப் பெரிதாக்கிக் காட்டினேன். பெரிதாக்க முகம் புள்ளி புள்ளியாக உடைந்தது. படத்தின் பெயரைப் பார்த்தேன், வெறும் இலக்கம். பெயர் கேட்கலாம் என்றால் ஆசிரியை இல்லை. பாடசாலையே இல்லை. ஒரு எழுத்துப் பிசகாமல் மீட்டெடுத்திருந்தேன், தம்பிமாரே. பைல் முழுசாக இருந்தது. அதற்குள் இருக்க வேண்டியதை மட்டும் யாராலும் எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

"அந்தப் பக்கத்து வீட்டு மனுசியத் தேடிப் பிடிப்பம் அக்கா," என்றேன். "அவ வந்து காட்டுவா."

"தேடுங்க தம்பி," என்றார். நம்பிச் சொன்ன மாதிரி இல்லை. என் மனம் நோகக்கூடாது என்று சொன்ன மாதிரி இருந்தது.

வதனி பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, இதில உங்களுக்கு எது எண்டு தோணுதோ அந்த முகத்த மட்டும் பெருசா அடிச்சுத் தரட்டா?"

தவமணி அக்கா சின்னப் படத்தைக் கைப்பைக்குள் வைத்து மூடினார்.

"ஒராளை எடுத்தா மத்தாக்களை விட்டுட்டுப் போறமாதிரி இரிக்கும்," என்றார். "இதில ஆரோ ஒருத்தி என்ட புள்ள. முழுசாவே தாங்க. எல்லாரையும் கொண்டு போறன்."

வதனி பிரிண்ட் எடுத்து, மடங்காமல் இருக்க அட்டை வைத்துக் கொடுத்தாள். அக்கா அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசல் வரை போனார். பிறகு திரும்பி வந்தார். நான் நினைத்தேன், ஏதோ மறந்துவிட்டார் என்று.

"தம்பி, இந்தப் படம் இஞ்ச இரிக்கும்தானே?"

"ஓம் அக்கா."

"மத்தப் புள்ளைகளுக்கும் தாய்மார் இரிப்பாங்க. வர அவங்களுக்கும் பயமா இரிக்கும். சுணங்கித்தான் வருவாங்க." மேசையில் கிடந்த புதிய டிஸ்க்கையும் சேர்வரில் இருந்த ஐந்து பொட்டையும் ஒருமுறை பார்த்தார். "அதுவரைக்கும் பாத்துக்கொள்ளுங்க."

தயார் செய்து வைத்திருந்த அடக்கமான முகத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் போகும்வரை வாசலில் நின்றேன். பிறகு உள்ளே வந்து, மிச்சப் படங்களை எடுக்கத் தொடங்கினேன்.